மழை அலர்ட்ட நம்பி ஓட்டின சீசன்கள் - சென்னை மடிப்பாக்கம் கிரவுண்ட் ஃப்ளோர் அனுபவம்

2015 டிசம்பர் 1 ராத்திரி ஹால்ல முட்டிக்கு மேல தண்ணி நின்னப்ப எனக்கு வானிலை மையம் குடுக்கற ஆரஞ்சு அலர்ட்டுக்கும் ரெட் அலர்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சுன்னு அப்புறம் பேப்பர்ல பாத்ததுதான். அதுக்கப்புறம் அக்டோபர் பொறந்தா போதும், வீட்ல டிவி சீரியலவிட வானிலை பாக்குறதுதான் ஜாஸ்தி.

முதல் ரெண்டு மூணு வருஷம் நான் பண்ண தப்பு, கலர மட்டும் பாத்தது. மஞ்சள்னா கவனிச்சுட்டு இரு, ஆரஞ்சுன்னா ரெடியா இரு, ரெட்னா இறங்கி வேலையப் பாருன்னு அர்த்தம், அவ்ளோதான். நம்ம தெருவுல எவ்ளோ பெய்யும்னு அது சொல்லாது. அதுக்கு பக்கத்துல இருக்கற வார்த்தையப் படிக்கணும். கனமழைன்னா சுமாரா 7ல இருந்து 11 செ.மீ., மிக கனமழைன்னா 12ல இருந்து 20, அதி கனமழைன்னா 20க்கு மேல. அதுலயும் "ஓரிரு இடங்களில்"னு ஒரு வார்த்தை வரும் பாருங்க, அதுதான் மேட்டரே. மாவட்டத்துல அங்கொண்ணு இங்கொண்ணு கொட்டினாலும் அலர்ட் சரிதான், நம்ம ஏரியா காய்ஞ்சு கெடந்தாலும்.

இது புரியாமத்தான் 2024 அக்டோபர்ல அசிங்கப்பட்டேன். 15ந்தேதி நல்ல மழை, 16க்கு ரெட் அலர்ட்னு சொன்னதும் ஊரே வண்டிய வேளச்சேரி மேம்பாலத்துல ஏத்துச்சு, நானும் ஏத்தினேன். மறுநாள் மழை வடக்கால ஒதுங்கிடுச்சு. எதிர் வீட்டு அண்ணன் கேட்ல நின்னுட்டு "என்ன தம்பி, ரெட் அலர்ட்டாமே, துணி காயப் போடட்டுமா?"ன்னார். சிரிச்சுட்டு வந்துட்டேன், ஆனா அடுத்த தடவையும் ஏத்தத்தான் போறேன், ஏன்னா 2023ல மிக்ஜாம் புயல் அப்ப ஏத்தாம விட்டதுல இன்ஜினுக்குள்ள தண்ணி போய் செலவு பழுத்துடுச்சு.

இப்ப என் பழக்கம் என்னன்னா, நாலு நாள் முன்னாடி வர்ற செய்திய வெச்சு பால் பவுடர், மாத்திரை, மெழுகுவத்தி மட்டும் வாங்கி வெப்பேன், ஆரஞ்சு வந்தா இன்வெர்ட்டர் பேட்டரிய கழட்டி மர ஸ்டூல் மேல (அந்த ஸ்டூல்ல 2015 தண்ணிக் கோடு இன்னும் இருக்கு, அம்மா தேய்க்க விடல), பத்திரமெல்லாம் லாஃப்ட்டுல. வெளிய கிளம்பலாமா வேணாமாங்கறதுக்கு மட்டும் மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா வர்ற நவ்காஸ்டும் (அடுத்த சில மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு) ரேடார் படமும்தான். வடகிழக்கு பருவமழைல மேகம் பெரும்பாலும் கடல்ல இருந்து உள்ள வரும், ரேடார்ல சிவப்புத் திட்டு, அதாவது பலமான மழை மேகம், ஒண்ணு பின்னாடி ஒண்ணா கடல்ல வரிசை கட்டி நின்னா ஆபீஸ்ல இருந்து அப்பவே கிளம்பிடுவேன். 2021 டிசம்பர் 30 மதியம் அத பாக்காம விட்டு கிண்டில இருந்து வீடு வர ராத்திரி பத்தாயிடுச்சு.

அக்கா வீடு ஜாபர்கான்பேட்டை, அடையாறு ஆத்தோரம். அவளுக்கு மழை அலர்ட்டவிட செம்பரம்பாக்கம் ஏரில எத்தனை கன அடி தண்ணி திறக்கறாங்கங்கறதுதான் முக்கியம், இங்க வெயில் அடிச்சாலும் அடையாறு ஏறும். எங்களுக்கு அப்படி இல்ல, சுத்துப்பட்டு ஏரித் தண்ணி எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போய்ச் சேரணும், அது ரொம்பிட்டா மழை விட்டும் தண்ணி வடியாது. அதனால அலர்ட் கேன்சல் ஆனதும் நான் பேட்டரிய இறக்கறதில்ல.

அப்புறம் துறைமுகத்துல ஏத்தற அந்த புயல் எச்சரிக்கைக் கூண்டு எண். அது கப்பலுக்கும் மீனவங்களுக்கும். "மூணாம் நம்பர் ஏத்திட்டாங்க, ஆபத்து"ன்னு ஃபேமிலி குரூப்ல அலறாதீங்க மாமா. போன்ல திடீர்னு அலாரம் மாதிரி கத்துற அரசு எச்சரிக்கைய மட்டும் யாரும் ஆஃப் பண்ணிடாதீங்க. எங்க அம்மா மொத தடவை டெஸ்ட் மெசேஜுக்கே போன கட்டில்ல தூக்கிப் போட்டுட்டாங்க, இப்ப அவங்களே சத்தமா படிச்சுட்டு, "டேய், ஸ்டூல எடு"ங்கறாங்க.