கேட்க நின்றால் கத்துகிறது: பாஸ் அலாரத்தோடு நான்கு வருடம்

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து தம்பி ஒருத்தன் போன் செய்தான். தர்மபுரி பக்கம் ஒரு மில்லில் ஃபயர் குரூவில் இருக்கிறான். "ண்ணா, பி.ஏ. செட்டுக்குப் பாஸ் அலாரம் வாங்கித் தரேங்கறாங்க. நீங்க நாலு வருசமா வெச்சிருக்கீங்களே, எப்படிங்ண்ணா? வாங்கச் சொல்லட்டுமா?" பி.ஏ. செட் என்றால் புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டுகிற காற்று சிலிண்டரும் மாஸ்க்கும். பாஸ் அலாரம், அதை மாட்டியவன் அசையாமல் கிடந்தால் கத்துகிற சின்னக் கருவி.

அவன் கேட்ட அன்றுதான் என்னுடையது ரிப்பேர் முடிந்து பெங்களூரிலிருந்து திரும்பி வந்தது. ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த எரிச்சலில் "வாங்கவே வாங்காதே" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தபிறகு அது நியாயமான பதில் இல்லை என்று உறுத்தியது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நான் இருப்பது ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவில். 2020 தீபாவளி ராத்திரி மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இடத்தில் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் ஷிப்டில் வேறு பேச்சே இல்லை. உள்ளே போனவனை எப்படித் தேடுவது, அவன் எங்கே கிடக்கிறான் என்று எப்படித் தெரியும் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வருடம் நான்கு பாஸ் வாங்கினார்கள். எனக்கு 3ஆம் எண்.

பி.ஏ. செட் மாட்டுகிறவர்களுக்கு இது என்னவென்று தெரியும். தோள்பட்டை வாரில் தொங்கும். சாவியை உருவினால் உயிர் வரும். அசையாமல் 20 நொடி இருந்தால் 'கீ... கீ...' என்று முன்னெச்சரிக்கை, 30 நொடி ஆனால் முழு அலறல். 95 டெசிபலுக்கு மேல் கத்தும். நடுவில் ஒரு பெரிய பொத்தான் இருக்கும், நாமே அழுத்தியும் கத்த வைக்கலாம். சாவி இல்லாமல் அணைக்க முடியாது.

அந்தச் சாவிதான் நான் எதிர்பார்க்காத நன்மை. உருவிய சாவியை வாசலில் இருக்கும் போர்டில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பக்கத்தில் பெயர், உள்ளே போன நேரம், சிலிண்டரில் காற்றழுத்தம் எத்தனை பார் என்று எழுத வேண்டும். இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்தும் எங்கள் பையன்கள் செய்ததில்லை. "ரெண்டு நிமிசத்துல வந்துடறேண்ணா" என்று ஓடிவிடுவார்கள். கையில் ஒரு சாவி மிஞ்சியதும் அதை எங்காவது மாட்டியாக வேண்டுமே, அதனால் போர்டுக்கு வந்தார்கள். வந்ததால் எழுதினார்கள். போர்டில் மூன்று சாவி தொங்கினால் மூன்று பேர் உள்ளே. இதற்காகவே கொடுத்த காசு தகும் என்று முதல் வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

தீ விபத்தில் நாம் பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். பிராஞ்ச், அதாவது ஹோஸ் முனையைப் பிடித்து ஒரே மூலையில் தண்ணீர் அடிப்பவன் நிற்கிறான். வாசலில் மாஸ்க் மாட்டிக் காத்திருப்பவன் நிற்கிறான். நின்றால் 'கீ... கீ...' வரும். உடனே தோளை ஒரு குலுக்கு, நின்றுவிடும். மறுபடி 20 நொடியில் வரும். ஒரு டிரில் முடிவதற்குள் எத்தனை தடவை என்று எண்ணி மாளாது. ஆறு மாதத்தில் அந்தச் சத்தம் எங்கள் காதுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. யாருடையது கத்தினாலும் யாராவது ஒருத்தர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "குலுக்குடா" என்பார். புலி வருது புலி வருது என்று தினமும் கேட்டுப் பழகிய காது.

அது என்ன செய்யும் என்று இரண்டாம் வருடம் பார்த்தேன். கேன்டீனுக்குப் பின்னால் பழைய குடோன், தகரக் கூரை, அட்டைப்பெட்டிக் கட்டுகள், உள்ளே டிரில் புகை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருத்தன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், சுவரைத் தடவிக்கொண்டே போனவன் மேலிருந்து தொங்கிய கேபிளில் மாட்டிக்கொண்டான். சிலிண்டருக்கும் முதுகுக்கும் நடுவே கேபிள் நுழைந்துவிட்டது. நான்தான் வாசலில் போர்டு பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே 'கீ... கீ...' கேட்டது. வழக்கம்போல "குலுக்குடா" என்று ஒருத்தர் குரல் கொடுத்தார். சத்தம் நின்றது. சொன்னது கேட்டுக் குலுக்கிவிட்டான் என்று நினைத்தேன். மறுபடி வந்தது, மறுபடி நின்றது.

அவன் குலுக்கவில்லை. கேபிளை இழுத்துப் போராடிக்கொண்டிருந்தான். போராடும்போது உடம்பு அசைகிறது, அதனால் கருவி வாயை மூடிக்கொள்கிறது. களைத்து நிற்கும்போது கத்துகிறது. திரும்ப இழுத்தால் நிற்கிறது. நாங்கள் கேட்டதெல்லாம் ஒருத்தன் மூச்சு வாங்குகிற இடைவெளி. மூன்றாவது தடவை நிற்காமல் முழு அலறலாகப் போனது. அப்போதுதான் ஓடினேன்.

சிக்கியவன் அசைந்துகொண்டே இருந்தால் இந்தக் கருவிக்கு அவன் நலம். இதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. சிக்கியது தெரிந்த அந்த நிமிடமே அவனாகப் பொத்தானை அழுத்த வேண்டும். தடித்த கையுறையோடு, கேபிளுக்கு நடுவே, இருட்டில் அந்தப் பொத்தான் கைக்கு அகப்பட வேண்டும். அவனுக்கு அகப்படவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். உள்ளே தேடிப் போகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு: நில், மூச்சைப் பிடி, அசையாமல் கேள். மாஸ்க்கில் நம் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்கும். அதை நிறுத்தினால்தான் அலறல் எந்தப் பக்கம் என்று பிடிபடும். தகரக் கூரைக்கு அடியில் சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்புகிறது, உடனே தெரிவதில்லை. நின்றேன், மூச்சைப் பிடித்தேன். இடது மூலையா, கட்டுகளுக்குப் பின்னாலா என்று காது தேடிக்கொண்டிருக்கும்போது என் தோளிலேயே 'கீ... கீ...' ஆரம்பித்தது. குலுக்கினேன். கூட வந்தவருடையது கத்தியது. கேட்பதற்காக நின்றால் இது கத்துகிறது. நான்கு வருடமாக எனக்கு இதன்மேல் ஆறாத கோபம் இதுதான். தேடுகிறவனுக்கும் கிடப்பவனுக்கும் இதற்கு வித்தியாசம் தெரியாது.

பையனை வெளியே எடுத்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. 270 பாரோடு போனவன் 60 பாரில் வந்தான்.

அந்த 60 பாரைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட்டேன். எங்கள் சிலிண்டர் 6.8 லிட்டர், 300 பாரில் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் 55 பார் வாக்கில் ஊதும். அப்போது மிச்சம் 370 லிட்டர். நிதானமாக வேலை செய்பவனுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் ஒன்பது நிமிடம். பயந்து இரைக்கிறவனுக்கு 60, 70 லிட்டர் போகும், ஐந்தாறு நிமிடம்தான். அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் 2001 மார்ச்சில் சூப்பர் மார்க்கெட் தீ ஒன்றில் ஒரு வீரர் காற்றுத் தீர்ந்து இறந்தார். பிறகு அந்த நகரத் தீயணைப்புத் துறை பெரிய காலிக் கட்டடங்களில் திரும்பத் திரும்ப ஒத்திகை நடத்தியது. விழுந்த ஒருவரை வெளியே கொண்டுவர 12 பேர் தேவைப்பட்டார்கள், சராசரியாக 21 நிமிடம் ஆனது, காப்பாற்றப் போனவர்களில் ஐந்தில் ஒருவர் தானும் ஏதோ சிக்கலில் மாட்டினார். ஐந்தாறு நிமிடக் காற்று, 21 நிமிட மீட்பு. விசில் ஊதட்டும், பிறகு கூப்பிடலாம் என்று இருப்பவனுக்கு ஆள் வந்து சேராது. வழி தெரியவில்லை என்று தோன்றிய உடனே கூப்பிட வேண்டும். கூப்பிடுவதை மானப் பிரச்சினையாக நினைக்கிற ஆட்கள் எங்கள் குழுவிலும் உண்டு. அவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கூப்பிடுவதிலும் பாஸ் குறுக்கே வந்தது. அந்தப் பையன் கடைசியில் வாக்கி டாக்கியை அழுத்தியிருக்கிறான். எங்களுக்குக் கேட்டது அலறல் மட்டும், நடுவில் "இங்க, இங்க" என்று ஒரு வார்த்தை. 'இங்கே' என்றால் எங்கே? அதிலிருந்து எங்கள் வரிசையை மாற்றிவிட்டோம். முதலில் வாக்கி டாக்கியில் பேசு, பிறகு பொத்தானை அழுத்து. அலாரம் கத்தத் தொடங்கிவிட்டால் பேச்சு எடுபடாது. ஆபத்தில் இருக்கிறேன் என்பதற்கு "மேடே, மேடே, மேடே" என்று மூன்று தடவை. அடுத்து யார், எங்கே, என்ன ஆச்சு, எத்தனை பார், என்ன வேணும். வெளிநாட்டில் இதற்கு எழுத்துகளைக் கோத்து ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது வாயில் நிற்கவில்லை. தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசுகிற பிள்ளைகள் இருக்கிற ஷிப்ட். அவரவர் மொழியிலேயே சொல்லட்டும், வரிசை மாறக் கூடாது என்று வைத்தோம். மாஸ்க் கண்ணாடியில் கறுப்பு பாலிதீன் ஒட்டி, குப்புறப் படுக்க வைத்து, மேலே சாக்கைப் போட்டுவிட்டுச் சொல்லச் சொல்வேன். முதல் தடவை பாதிப் பேருக்குத் தன் பெயரே முன்னால் வராது. பத்தாவது தடவை வரும்.

ரிப்பேர் விஷயம் சின்னது, கோபம்தான் பெரிது. நுரை டிரில் முடித்துக் கழுவியபோது பேட்டரி மூடிக்குள் தண்ணீர் போய் முனைகளில் பச்சை பிடித்துவிட்டது. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது, அவ்வளவுதான். அதை மாற்ற ஆறு வாரம். வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரில் எந்தத் தரம், எந்த வருடப் பதிப்பு என்று பாருங்கள். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. என்ற தீப் பாதுகாப்பு அமைப்பு இந்தக் கருவிக்கு வைத்த 1982 என்ற எண்ணுள்ள தரத்தின் 2007 பதிப்பில்தான் சூட்டுக்கும் தண்ணீருக்கும் கடுமையான சோதனைகளைச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய கருவிகளில் சிலவற்றுக்கு 150 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சத்தம் இறங்கிப்போனதைக் கண்டுபிடித்திருந்தார்கள். 2013 பதிப்பிலிருந்து எந்தக் கம்பெனிக் கருவி ஆனாலும் ஒரே மாதிரி சத்தம். மலிவு என்று பழைய சரக்கு தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

அந்த ஆறு வாரத்தில் ஒருநாள் பேலட் யார்டில் சின்னத் தீ. பக்கத்து ஷெட்டில் புகை சூழ்ந்துவிட்டது, ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். தோளில் ஒன்றும் இல்லை. நின்று கேட்டேன், நன்றாகக் கேட்டது. யாரும் இல்லை. ஆனால் அந்த அமைதியில் நின்றபோது, நான் இங்கே விழுந்தால் யாருக்கும் கேட்காது என்று முதுகு சில்லிட்டது. நான்கு வருடமாகத் திட்டிய சத்தத்தை அன்றைக்குத் தேடினேன்.

ஆக, தம்பிக்குப் பதில். நல்ல கருவி. நான் இனி இது இல்லாமல் உள்ளே போக மாட்டேன். ஆனாலும் உங்கள் மில்லில் இந்த மாதம் வாங்கச் சொல்லாதே. உங்களிடம் நான்கு பேருக்கு இரண்டு வாக்கி டாக்கிதான் இருக்கிறது என்றாய், வாசலில் போர்டும் இல்லை. முதலில் ஆளுக்கொரு வாக்கி டாக்கி கேள். போர்டுக்கு ஒரு பலகையும் ஆணியும் போதும். மூன்று மாதம் கண்ணைக் கட்டிப் பழகுங்கள். அது இல்லாமல் இதை மாட்டினால் ஆறு மாதத்தில் நீங்களும் "குலுக்குடா" என்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்களுக்கு டிரில். பாலக்கோட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம். உன் கையுறையை எடுத்து வா, கண்ணைக் கட்டி என் பாஸ் பொத்தானை ஒரு தடவை தேடிப் பார்.