எந்தக் கார்டு கெட்டி என்ற வாதத்துக்கு என்பிஏ ஸ்டாட்ஸ் தளம் எவ்வளவு உதவும்?

2025-ல் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கோப்பையை வென்றதிலிருந்து ஓக்லஹோமா சிட்டி தண்டர் ரசிகர்கள் ஒரே கேள்வியைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள்: அணியின் நட்சத்திரம் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டருக்குப் பக்கத்தில் எந்த கார்டை (பெரும்பாலும் பந்தைக் கொண்டுபோய் வெளியிலிருந்து ஆடுபவரை) வைத்துக்கொள்வது? லூ டார்ட், கேசன் வாலஸ், அலெக்ஸ் கரூசோ மூவருமே டிஃபென்ஸில் கெட்டிக்காரர்கள். ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரென் இருவரின் பெரிய ஒப்பந்தங்கள் 2026-27-லும், ஷேயின் புதிய ஒப்பந்தம் 2027-28-லும் தொடங்கிச் சம்பளச் செலவு ஏறுவதால் யாரோ ஒருவரை விடவேண்டிய நாள் வரும்.

இந்த வாதத்தில் எல்லோரும் எடுத்து வீசும் எண்கள் பெரும்பாலும் என்பிஏவின் ஸ்டாட்ஸ் தளத்திலிருந்து வருகின்றன. காசு கட்ட வேண்டாம். மைதானக் கேமராக்கள் வழியாகச் சேர்க்கும் ட்ராக்கிங் தகவல் 2013-14 சீசனிலிருந்து இருக்கிறது. கார்டுகளை எடைபோட இதைவிட நல்ல இலவச வசதி வேறில்லை. ஆனால் ரசிகர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் பக்கம்தான் அதில் மிகவும் பலவீனமானது.

நல்லதிலிருந்து தொடங்குவோம். ப்ளேயர்ஸ் பகுதியில் ட்ராக்கிங், அதற்குள் ட்ரைவ்ஸ். அணியைத் தேர்ந்தெடுத்ததும் ஒவ்வொரு கார்டும் எத்தனை முறை கூடையை நோக்கிப் பாய்கிறார், அதில் எத்தனை பாஸ், எத்தனை டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) என்று பிரித்துக் காட்டும். ஷே பல சீசன்களில் இதில் லீக் முதலிடம். அடுத்து டச்சஸ் பக்கத்தில் பந்து கையில் இருக்கும் நேரமும், ஒரு டச்சுக்கு (பந்து கைக்கு வரும் ஒரு முறைக்கு) எத்தனை டிரிபிள் (தரையில் தட்டுவது) என்பதும் கிடைக்கும். ஷே உட்காரும் நிமிடங்களில் பந்தை யார் கொண்டுபோவது என்ற கேள்விக்கு இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வெறும் அசிஸ்ட் எண்ணிக்கை அதைச் சொல்லாது.

இனி அந்தப் பலவீனமான ஆன்/ஆஃப் பக்கம். ஒருவர் ஆடும்போது அணி எப்படி, உட்கார்ந்தால் எப்படி என்று 100 பொசெஷனுக்கு (பந்து அணி வசம் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசெஷன்) கணக்கிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டார்ட் பெரும்பாலும் ஷேயோடுதான் ஆடுகிறார். அவர் எண்ணில் பாதி ஷேயுடையது. இன்னொரு சிக்கல், 2024-25-ல் தண்டர் சராசரியாக 12.9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அது லீக் வரலாற்றிலேயே அதிகம். முடிவு தெரிந்துவிட்ட நான்காம் குவார்ட்டரில் பெஞ்ச் ஆட்டக்காரர்கள் ஆடிய நிமிடங்களையும் தளம் கழிப்பதில்லை. யார் யார் சேர்ந்து ஆடினார்கள் என்று காட்டும் லைன்அப்ஸ் பக்கத்துக்குப் போய், ஐந்து பேர் என்பதை இரண்டு பேர் என்று மாற்றி, அட்வான்ஸ்ட் தேர்ந்து, ஃபில்டரில் ஆட்டத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்தால் அந்தக் கலப்படம் பெருமளவு போய்விடும். சேர்ந்து 500 நிமிடம்கூட ஆடாத ஜோடியை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம்.

யார் யாரைக் காத்தார் என்று காட்டும் மேட்ச்அப் பக்கம் எனக்குப் பிடித்தது, கவனமாகப் படித்தால். ஆடும் இடத்தில் 'ஜி' (கார்டு) என்று வடிகட்டினால் கரூசோ கார்டு. ஆனால் 2025 பிளேஆஃப்பில் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அவர் சென்டர் (கூடையருகே ஆடும் உயரமானவர்) நிகோலா யோகிச்சைக் காத்தார். அவர் மதிப்பு இந்தப் பக்கத்தில்தான் தெரியும். குறை என்னவென்றால், டார்டைத் தாண்டிப் போனவரின் வீச்சை ஹோம்கிரென் கூடையருகே கெடுத்தாலும் பெருமை டார்ட் கணக்கில் ஏறலாம். உதவிக்கு வந்தவர் யார் என்பது அட்டவணையில் இல்லை.

மூன்று புள்ளி வீச்சு சதவீதத்தில்தான் சண்டை அதிகம். 350 வீச்சில் 38% போட்டவரின் உண்மைத் திறன் 33-லிருந்து 43 வரை எங்கும் இருக்கலாம். ஒரே சீசனை வைத்து 'கற்றுக்கொண்டுவிட்டார்' என்பது அவசரம். டார்ட் 2022-23-ல் 33% அளவில் இருந்தார். 2023-24-ல் 39.4%, 2024-25-ல் 40%-க்கு மேல். இரண்டு சீசனும் சேர்ந்தால் 700 வீச்சுக்கு மேல் வரும், பிழை எல்லை நாலு சதவீதத்துக்குள் சுருங்கிவிடும். அந்த முன்னேற்றம் நிஜம். இன்னும் சந்தேகமிருந்தால் கேட்ச் அண்ட் ஷூட் (பாஸ் வந்ததும் வீசுவது), புல்அப் (டிரிபிள் செய்து நின்று வீசுவது) இரண்டையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். அவர் வீச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

போனில் அட்டவணைகள் அகலமாகி வலப்பக்கப் பத்திகள் ஒளிந்துகொள்ளும், கணினியில் பார்ப்பது நல்லது. பாக்ஸ் ஸ்கோரில் (ஓர் ஆட்டத்தின் எண் அட்டவணை) எண்ணைத் தொட்டால் அந்த வீச்சுகளின் வீடியோவே ஓடும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இத்தனையும் வைத்து என் கணிப்பு: டார்ட், வாலஸ் இருவரில் ஒருவரைத்தான் வைக்கலாம் என்றால் வாலஸ். டார்டைவிட வயது குறைவு, தேவைப்பட்டால் பந்தையும் கொண்டுபோவார். டார்டின் 2025 ஆல்-டிஃபென்ஸிவ் முதல் அணி (லீக்கின் சிறந்த தற்காப்பு ஐவர்) இடத்தைக் காட்டி மறுப்பவர்கள், இருவரும் ஷேயோடு ஆடிய முதல் பாதி லைன்அப் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசட்டும்.