சி ட்ரைவை நீட்ட ஜிபார்ட்டட்: பல வருஷம் பழகியவனின் புலம்பல்

சர்வரில் சி ட்ரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது, விண்டோஸை மறுபடி போடாமல் பெரிதாக்க முடியுமா என்று தென்காசி நண்பன் கேட்டான். முடியும். திருநெல்வேலி டவுனில் கடை, மண்டி என்று நான் பார்க்கிற சர்வர்களில் இதற்கு ஜிபார்ட்டட்தான் கைகொடுக்கிறது. டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதிகளை (பார்ட்டிஷன்) நீட்ட, சுருக்க, நகர்த்த 2004லிருந்து இருக்கிற இலவச மென்பொருள், பென்டிரைவில் பூட் ஆகும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசம் என்று வருகிற சிலது சர்வர் விண்டோஸைக் கண்டதும் காசு கேட்கும், இது கேட்காது.

விண்டோஸிலேயே டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கே என்பீர்கள். சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போலக் காலி இடம் கிடந்தால் அதிலேயே நொடியில் முடிந்துவிடும். ஆனால் அங்கே டி ட்ரைவ் உட்கார்ந்திருக்கும், இல்லை விண்டோஸ் பழுதானால் மீட்க வைத்திருக்கிற ரெக்கவரி பார்ட்டிஷன். டி-யைச் சுருக்கினாலும் காலி இடம் அதன் வால்பக்கம்தான் விழும், சி-க்குப் பிரயோஜனமில்லை. ஜிபார்ட்டட் டி-யையே நகர்த்தித் தரும். நாம் சொன்னதையெல்லாம் கீழே வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, பச்சை டிக்கை அழுத்துகிறவரை டிஸ்க்கைத் தொடாது. இதற்கே அதைக் கும்பிடலாம்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறையான என்டிஎஃப்எஸ்ஸில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் மஞ்சள் முக்கோணம் போட்டு உட்கார்ந்துவிடும். விண்டோஸுக்குப் போய் பழுதைத் தேடித் திருத்துகிற செக்டிஸ்க்கை எஃப் போட்டு (chkdsk /f) ஓட்டு, அப்புறம் இரண்டு தடவை ரீபூட் பண்ணு என்கிறது. இரண்டு தடவை! லேப்டாப் என்றால் போகட்டும். பழைய சர்வரில் மெமரியைச் சோதித்து, பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டிவைக்கிற ரெய்டு கார்டு அவற்றைத் தேடி முடித்து, அப்புறம்தான் விண்டோஸ் தலைகாட்டும், அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டு, "என்னடே, பில் போட ஆளு நிக்கான், இன்னும் எத்தன மட்டம் அணைச்சு அணைச்சுப் போடுவ?" என்பார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

ஜிபார்ட்டட் செய்வது நியாயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பழுதுள்ள என்டிஎஃப்எஸ்ஸைச் சுருக்கினால் கணக்கெல்லாம் கோவிந்தா. டி-யை நகர்த்துவது என்றால் அதில் இருக்கிற டேட்டா மொத்தத்தையும் இடம் மாற்றி எழுதுவது. பெரிய டிஸ்க் என்றால் ராத்திரி முழுக்க ஓடும். ஆடிக் காற்றில் நடுவில் கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் கைவிட்டால் பேக்கப்தான் கதி. ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு ஃபைல்கூட என்னிடம் இது தொலைத்ததில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, நண்பனுக்கு நான் சொன்னது: வேண்டாம் மாப்ள, பெரிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, சி-யை அப்படியே அதில் நகலெடுத்து குளோன் போட்டுவிடு, டி-க்குத் தனி டிஸ்க் வை. என்ன, குளோன் முடிந்து பார்த்தால் ரெக்கவரி பார்ட்டிஷன் சி-யை ஒட்டிக்கொண்டே வந்திருக்கும், காலி இடம் அதற்கு அந்தப்பக்கம் கிடக்கும். அதை நகர்த்த மறுபடியும் ஜிபார்ட்டட்தான்.