வயற்குளத்தில் பிளை தூண்டில்: யப்பானா, கொடுவாவா, விராலா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வயலோரமாக ஒரு ஏக்கருக்கும் குறைவான குளம் ஒன்று வெட்டி மீன் விட்டிருக்கிறோம். விற்பதற்காக அல்ல, பிளை தூண்டில், அதாவது இறகு சுற்றிய பொய் இரை கட்டிய தூண்டில் போடுவதற்காக. நோர்வேயிலிருந்து லீவில் வந்த மச்சான் றோட்டையும் (தூண்டில் தடி) நூல் சுற்றும் றீலையும் விட்டுவிட்டுப் போனதில் பிடித்த பைத்தியம் இது. இப்போது காணி உள்ள சில நண்பர்களும் என்ன மீன் விடலாம் என்று கேட்கிறார்கள். நான் விரால் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டே மிச்சத்தை வாசியுங்கள்.

பிளை என்றதும் பலருக்கு ட்ரவுட்தான் நினைவுக்கு வரும். அது குளிர்நீர் மீன். வெள்ளைக்காரர் 1880களில் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டார்கள், அங்கேயே இருக்கட்டும். சித்திரை வெயிலில் 30 பாகை தாண்டும் எங்கட குளத்து நீரில் அதற்கு வேலை இல்லை. அமெரிக்கப் பண்ணைக் குளங்களின் பாஸ் மீனும் வேண்டாம். மாரியில் குளம் நிரம்பி, மிச்ச நீர் வெளியேறும் வான் வழியே பாய்ந்தால் அது போய்ச் சேரும் இடம் வாவி. வெளிநாட்டு வேட்டை மீன் ஒன்றை அங்கே அனுப்பிய பழி நமக்கெதற்கு?

கட்லா, ரோகு என்ற கெண்டை இன மீன்களின் குஞ்சுகளை வாங்குவது சுலபம். இங்கினியாகலையில் நக்டாவின் (அரசின் மீன் வளர்ப்பு அதிகாரசபை) குஞ்சுப் பண்ணை இருக்கிறது. நன்றாக வளரும், கறிக்கும் ஆகும். ஆனால் கட்லா மிதவை நுண்ணுயிர் தின்பது, ரோகு பாசியும் தாவரமும் மேய்வது. இறகு சுற்றிய பொய் இரையைத் துரத்தி வந்து கவ்வும் குணம் இரண்டுக்கும் இல்லை. ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும் என்பதால் தேங்கிய குளத்தில் பெருகவும் மாட்டாது.

யப்பான், அதாவது திலாப்பியா, இதற்கு நேர் எதிர். 1952இல் நாட்டுக்குள் வந்த மீன் இன்று எந்தக் குளத்தில் இல்லை? சிறிய றோட்டும் சின்ன பிளையும் இருந்தால் போதும், பிள்ளைகள் பழக இதைவிட நல்ல மீன் கிடையாது. ஆண் மீன் மணலில் குழி பறித்துக் காவல் நிற்கும் நேரத்தில், பக்கத்தில் எது வந்தாலும் முட்டும். தொல்லை அதன் பெருக்கம். தாய் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் நிறையக் குஞ்சு பிழைத்துவிடும். கூட்டம் கூடக் கூட ஒவ்வொன்றும் சிறுக்கும், கையகலம் வருமுன்பே முட்டை பிடிக்கத் தொடங்கும். கடைசியில் குளம் நிறைய மீன் இருக்கும், பிடிக்கத் தக்க மீன் இராது.

கொடுவாவை வாவியில் பிடித்திருக்கிறேன், குளத்தில் வளர்த்ததில்லை. ஆகவே இந்தப் பந்தியை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டிலில் அதற்கு இணை இல்லை: பாயும், துள்ளும், தலையை உதறும். நன்னீரிலும் வளரும். ஆனால் முட்டையிட உப்புநீர் வேண்டும் என்பதால் குஞ்சு ஒவ்வொரு முறையும் காசுக்குத்தான். அந்தக் குஞ்சுகளும் ஒன்றையொன்று தின்னும், அளவு பிரித்துத்தான் விட வேண்டும். காசு தாராளமாக இருந்து, காற்றடிக்கும் மோட்டரும் கரண்டும் குளக்கட்டு வரை இருந்தால் கொடுவாவை யோசிக்கலாம்.

மோட்டர் என்றேன் அல்லவா, முடிவைத் தீர்மானிப்பது அந்த விசயம்தான். எந்த மீன் எப்படி இழுக்கும் என்று எல்லோரும் பேசுவார்கள். ஆவணி, புரட்டாதியில் குளம் என்ன நிலையில் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கச்சான் காற்று நீரை உறிஞ்சிவிடும். மிஞ்சிய தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகி நிற்கும். பகலில் அந்தப் பாசி ஒட்சிசன் கொடுக்கும், இரவில் அதுவே எடுக்கும். விடியற்காலைதான் ஒட்சிசன் ஆகக் குறைந்த நேரம். அப்போது கட்டில் நின்று பார்த்தால் ரோகுவும் கட்லாவும் வாயை மேலே நீட்டிக்கொண்டு திணறுவது தெரியும். மோட்டர் இல்லாவிட்டால் மறுநாள் வெள்ளை வயிறாக மிதக்கும். அடுத்த கண்டம் மாரி. வான் பாயும் நாளில் காசுக்கு வாங்கிய குஞ்சு நீரோடு போய்விடும்.

விராலுக்கு இந்த ஆவணிக் கண்டம் இல்லை. தலைக்குள் காற்றைச் சுவாசிக்க ஒரு உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தே ஆக வேண்டிய மீன் அது, ஆகவே நீரில் ஒட்சிசன் செத்தாலும் கவலைப்படாது. ஒரு மூலையில் ஆறேழு அடி ஆழத்துக்கு மடு வெட்டி வைத்தால் கோடை முழுக்க அதற்குள் கிடக்கும், சேற்றிலும் தாக்குப் பிடிக்கும். இனப்பெருக்கமும் அதுவே பார்த்துக்கொள்ளும். கரையோரப் புல்லை ஒதுக்கி வட்டமாக ஒரு வெளி உண்டாக்கும், மஞ்சள் முட்டைகள் அதில் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே திரளாக நகரும், அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் பொடிப்பொடியாகக் குமிழும். கீழே பெரிய மீன் காவல் நிற்கும். அதன் முன் எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் அடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் போடாதீர்கள். காவல் போனால் குஞ்செல்லாம் மற்ற மீன்களின் வயிற்றில்.

தனி விராலும் சரிவராது, அதற்குத் தீனி வேண்டும். இங்கே யப்பானின் குறையே நிறையாகிறது. அமெரிக்கர் பாஸுக்குத் தீனியாகப் புளூகில் என்ற சிறு மீனை விடுவது இதே கணக்கில்தான். கையகல யப்பானை முதலில் விட்டு, அது குஞ்சு போட்ட பிறகு ஒரே அளவான விராலை விடுங்கள். பெரியதும் சின்னதுமாகக் கலந்து விட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். யப்பான் குஞ்சை விரால் தின்ன, மிஞ்சும் யப்பானும் பருக்கும்.

தூண்டிலுக்கு 7 அல்லது 8ஆம் இலக்க றோட், மிதக்கும் லைன், முனையில் 20 இறாத்தல் தாங்கும் நைலோன். தேய்ந்த இறப்பர் செருப்பை வெட்டித் தவளைத் தலை செய்து, பின்னால் கோழி இறகு கட்டினால் கடையில் வாங்கிய பிளைக்குக் குறைந்ததல்ல. புல்லில் சிக்காதிருக்க கொளுக்கிக்கு முன்னால் நைலோன் வளையம் ஒன்று போடுங்கள். காற்றெடுக்க விரால் மேலே வந்து போன வட்டத்துக்குச் சற்று முன்னே போட்டு, இழுத்து, நிறுத்த வேண்டும். நிறுத்தும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும். கச்சான் கிளம்பிவிட்டால் லைன் முகத்தில்தான் வந்து விழும், விடியவே போய்விடுங்கள்.

விராலுக்கும் குறை உண்டு. மழை இரவில் ஈரப் புல்லில் நெளிந்து அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும். குளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வலை கட்டி, அடியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். வானிலும் வலை வேண்டும், குப்பை அடைத்தால் கட்டு உடையும் என்பதால் மாரியில் அதை நாளும் பார்க்க வேண்டும். வயலில் மருந்தடித்த தண்ணீர் குளத்துக்குள் வராதபடி வடிச்சலைத் திருப்பிவிடுவதும் அவசியம், எந்த மீனானாலும்.

களவு இன்னொன்று. யப்பானுக்கு யாரும் இரவில் வர மாட்டார்கள், விரால் இருக்கிறது என்று தெரிந்தால் வீச்சு வலையோடு வருவார்கள், அதன் விலை அப்படி. பிடித்த மீனைத் திரும்ப விடுவதும் ஊருக்குப் புரியாது. எங்கட வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் முதல்முறை பார்த்துவிட்டு, "புடிச்ச விரால மறுகா தண்ணிக்குள்ள விடுறதுக்கா தம்பி இவ்வளவு பாடு?" என்றார். இப்போது மாதத்துக்கு ஒன்று அவர் வீட்டுக் கறிக்குப் போகிறது, இரவுக் காவலும் அவர்தான்.

மீன் விடத் தோதான காலம் தை கடைசி, வான் நின்ற பிறகு. விரால் குஞ்சுக்குப் பண்ணை தேடி அலையத் தேவையில்லை. அறுவடைக்கு நீர் வடிக்கும்போது வயல் வாய்க்கால்களில் கரப்பு (மீன் பிடிக்கும் கூடை) வைப்பவர்களிடம் சொல்லி வைத்தால் சாண் நீள விரால் உயிரோடு கிடைக்கும். மூடியில் துளையிட்ட வாளியில், முதுகு நனையும் அளவு தண்ணீரோடு கொண்டுவாருங்கள். வாளியை நிரப்பினால் காற்றெடுக்க இடமில்லாமல் போகும், மூடாவிட்டால் பாதி வழியில் குதித்துவிடும்.