மேடையில் தாளிக்க ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு: வாங்கலாமா?

நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் 2000 வாட் ஒற்றை அடுப்பு, பிளாக் பாக்ஸ் (கறுப்புச் சுவர்கள் கொண்ட சிறிய அரங்கு) நாடகத்துக்கு ஒத்துவருமா? தாளிப்பு வாசனையும் சத்தமும் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் இது வீட்டுக்காகச் செய்த பொருள், மேடை அமைதியை மதிக்காது.

தீ இல்லாததுதான் பெரிய லாபம். கேஸ் அடுப்பு என்றாலே அனுமதிப் பேச்சு நீளும். இதற்கும் அரங்கின் தொழில்நுட்ப மேலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எண்ணெய் புகைந்தால் புகை உணர்கருவி கத்தத்தான் செய்யும்.

முழு வேகத்தில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்குக்கு அது பாரமில்லை. அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலையும் செருகினால்தான் வம்பு. மேடை விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இணைப்பில் மட்டும் செருகவே கூடாது, உள்ளிருக்கும் மின்னணுப் பலகை கெட்டுப்போகலாம்.

அலுமினியம், பித்தளை இதில் சூடேறாது. குழிவான இருப்புச்சட்டியும் சரிப்படாது, தாளிப்புக் கரண்டியை அடுப்பு கண்டுகொள்வதேயில்லை. தட்டையான அடியுள்ள 20 செ.மீ. வார்ப்பிரும்புச் சட்டியே நல்லது. 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு 1200 வாட்டில் வைத்தால், ஒன்றேகால் நிமிடம் போலக் கடுகு வெடிக்கும் பதம் வரும். எந்த வசனத்தில் அடுப்பைப் போடுவது என்பதை அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். திறனை மிகவும் குறைத்தால் மலிவு அடுப்புகள் விட்டுவிட்டுத்தான் சூடாக்கும். தாளிப்பின் சடசடப்பு பாதியில் அடங்கி, காட்சியும் தொய்ந்துவிடும்.

வாசனையில் அவசரம் ஆகாது. பார்வையாளர் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். அம்மாவின் நினைவு வரும் இடத்துக்காக வைத்த தாளிப்பைத் தொடக்கத்திலேயே போட்டால், அந்த இடம் வரும்போது யாருக்கும் எதுவும் மணக்காது. வெங்காயமும் கறிவேப்பிலையும் போதும். இலையை ஈரம் போகத் துடையுங்கள், இல்லையென்றால் எண்ணெய் உடையிலும் மைக்கிலும் தெறிக்கும். காய்ந்த மிளகாய் கருகினால் முன்வரிசை முழுக்க இருமும். ஏசி காற்று மேடையிலிருந்து பின்பக்கம் இழுத்தால், சட்டிக்குப் பின்னால் ஒரு சிறு மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள்.

குறைகள்: ஒவ்வொரு தொடுதலுக்கும் ‘பீப்’. ஈரக்கை பட்டால் தொடுபலகை சொன்னபடி கேட்காது. இருட்டில் சிவப்பு எண்கள் பளிச்சென்று தெரியும், கறுப்பு டேப் ஒட்டலாம். மோசமானது விசிறிதான்: அடுப்பை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தத்தை அடக்கக் காற்றுத் துளைகளை மூடினால் அடுப்பு தானே நின்றுவிடும். அணைத்ததும் மௌனம் வரும் காட்சியா? அங்கே கொஞ்சம் பேச்சையோ இசையையோ வையுங்கள்.

ஆங்கில நாடகாசிரியர் டேவிட் ஹேரின் ‘ஸ்கைலைட்’ (1995) போல மேடையிலேயே ஸ்பகெட்டி சமைக்கும் நாடகத்துக்கு இப்படியோர் அடுப்பு அவசியம். இன்னொரு ஆங்கில நாடகாசிரியர் ஆர்னல்ட் வெஸ்கர் ‘தி கிச்சன்’ (1959) நாடகத்தில் உணவே வேண்டாமென்று, சமையலை வெறும் கையசைவாக்கினார். உங்கள் காட்சிக்குச் சமைப்பவரின் உழைப்பு மட்டும் தெரிந்தால் போதுமென்றால் அந்த வழியே மேல், நூறு வெள்ளியும் மிச்சம். ஒரே நாளில் இரண்டு காட்சிகள் இருந்தால் பெருங்காயத்தைத் தொடாதீர்கள்: மாலைக்காட்சிக்கு வருபவர்களை மதியத் தாளிப்புதான் வரவேற்கும்.