ஆபரேஷன் திருச்சியில், பெல்ட்டோடு கும்பகோணத்தில்: ஓர் ஊர்ப் பயண அனுபவம்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளோடு ஊருக்கு வந்து, திருச்சியில் வயிறு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டேன். உடம்பு தேறியது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில். நம் பெண்கள் இதை வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். அடுத்து வருகிறவருக்கு ஒரு தகவலும் கிடைக்காமல் போகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எம்.சி.எச். என்ற அறுவை சிகிச்சை உயர்படிப்பு படித்த பிளாஸ்டிக் சர்ஜன், மயக்கம் கொடுக்கத் தனி டாக்டர், ராத்திரி தங்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எடை குறைக்க இது வழியில்லை என்று சர்ஜன் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். எல்லாம் திருப்தி. எனக்கு மனக்குறை அதற்குப் பிறகு வாரக்கணக்கில் உடம்பிலேயே கிடந்த அந்த இறுக்க உடையைப் பற்றித்தான். இங்கே எல்லாரும் அதை பெல்ட் என்கிறார்கள்.

பெல்ட் எதற்கு? கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன்னால் தோலுக்கடியில் உப்பு நீரும், மரத்துப்போக வைக்கும் மருந்தும், ரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்த திரவத்தை ஏற்றுகிறார்கள். ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1987-இல் எழுதி வெளியிட்ட முறை இது. அதில் மிச்சம் இருக்கும் நீர் ஓரிரு நாள், கொழுப்பை உறிஞ்சத் தோலில் போட்ட சின்ன ஓட்டைகள் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். கொழுப்பு போன இடத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவே நீர் கோத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. பெல்ட் அந்த இடத்தைச் சீராக அமுக்கிப் பிடித்து வீக்கத்தையும் ரத்தக்கட்டையும் குறைக்கிறது, தோல் படிந்து ஒட்ட உதவுகிறது. எத்தனை நாள் போடுவது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. 4 முதல் 6 வாரம் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். அதில் முதல் 2, 3 வாரம் குளிக்கிற நேரம் தவிர ராத்திரி பகலாகப் போடச் சொல்வார்கள்.

இவ்வளவு முக்கியமான பொருளுக்கு மருத்துவமனையிலிருந்து போனில் வந்த ஒரே கேள்வி, "மேடம், சுடிதார் என்ன சைஸ் போடுவீங்க?" டேப் வைத்து யாரும் அளக்கவில்லை. என்னைப் போல இடுப்பு சிறுத்துத் தொடை பருத்த உடம்புக்கு சுடிதார் சைஸ் எதைச் சொல்லும்? வந்த பெல்ட் தொடையில் வெட்டியது, இடுப்பில் தொளதொளத்தது. உட்கார்ந்தால் வயிற்றுக்குக் குறுக்கே சுருண்டு மடிந்தது. அந்த மடிப்பு சாதாரண அசௌகரியம் மட்டும் இல்லை. ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் கொப்புளம் வரும், தோலில் பள்ளமான கோடு விழும். இறுக்கம் கூடினால் பலன் கூடும் என்று நினைப்பதும் தவறு. கால் மரத்தாலோ, விரல் நிறம் மாறினாலோ, மூச்சு முழுதாக இழுக்க முடியாவிட்டாலோ அந்த பெல்ட் சரியில்லை.

வேறு பெல்ட் தேடித் தம்பி கும்பகோணத்தில் சர்ஜிகல் கடைகளை ஏறி இறங்கினான். எங்கே கேட்டாலும் எடுத்துக் கொடுத்தது பிரசவமான பெண்களுக்கான வயிற்றுப் பட்டைதான். வெல்க்ரோ ஒட்டுகிற அந்தப் பட்டை வயிற்றை மட்டும் சுற்றும். தொடைக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் உதவாது, ஓரங்கள் சதையைக் கடிக்கும். அம்மாவுக்கோ, "பிள்ளை பெத்தவளுக்கு வயித்துல துணி கட்டுறதுதானேடி, இதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?" என்று ஆச்சரியம். கடைகளில் ஒன்றைக் கவனித்து வந்து தம்பி சொன்னான்: வெரிகோஸ் நரம்புக்குக் காலுறை கேட்டு வந்த பெரியவருக்குக் கணுக்கால், ஆடுசதை, தொடை என்று மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்து, பெட்டியில் இருந்த அட்டவணையைப் பார்த்துக் கொடுத்தார்களாம். அளந்து கொடுக்க நம் ஊர்க் கடைகளுக்குத் தெரிகிறது. லைப்போசக்‌ஷன் பெல்ட்டுக்கும் அப்படித்தான் அளக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் சென்னையிலிருந்து வரவழைத்தோம். மார்புக்குக் கீழே, இடுப்பு, புட்டம், இரண்டு தொடை, இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீளம் என்று அளவெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். கூரியர் கிராமத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டதால் கும்பகோணம் அலுவலகத்துக்குப் போய்த்தான் வாங்கவேண்டியிருந்தது. விலை சில ஆயிரம் ரூபாய். ஆபரேஷன் பேக்கேஜில் இது சேராது. நான் சொல்வது: பேக்கேஜ் விலை பேசும்போதே பெல்ட் எத்தனை, யார் அளப்பார்கள், சைஸ் சேராவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் செய்த உதவிக்கு ஈடே கிடையாது. திருச்சியிலிருந்து கார் சுமார் 90 கிலோமீட்டர். வழியில் நிறுத்தி நிறுத்தி என்னைக் கொஞ்சம் நடக்கவைக்கச் சொன்னவர் அவர்தான். காலில் ரத்தம் உறையாமல் இருக்க. வீட்டுக்கு வந்ததும் மெத்தையில் ரப்பர் ஷீட் விரித்து, மேலே பழைய வேட்டியை மடித்துப் போட்டார். இளஞ்சிவப்பாக நீர் கசிந்து அது நனைந்தபோது அம்மா பயந்துபோனார். "இது ரத்தம் இல்லைக்கா, ஏத்தின தண்ணிதான் வெளியில வருது, வரட்டும்" என்று நர்ஸ் அக்கா சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

முதல் தடவை பெல்ட்டைக் கழற்றுவது தனியாகச் செய்கிற காரியம் இல்லை. அழுத்தம் திடீரென்று விலகும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், சிலர் மயங்கியே விழுவார்கள். எனக்கும் கண் இருட்டியது. அக்கா முன்யோசனையாக பாத்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கழற்றுவதற்கு முன்பே சாப்பிடவைத்து, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடிக்கவைத்திருந்தார். படுத்த நிலையிலேயே பாதி கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் எழுப்பினார். போடும்போது காலிலிருந்து சுருட்டிச் சுருட்டி ஏற்றி, முதலில் கொக்கிகளை மாட்டி, அதன் மேல் ஜிப். உள்ளே மெல்லிய பருத்தி பனியன், தையல் சதையில் படாமல்.

கழிப்பறை விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முழங்கால் வரை இறுக்கிய பெல்ட்டோடு இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாது. அம்மா வீட்டில் இருப்பது அதுதான். சர்ஜிகல் கடையிலிருந்து கமோட் நாற்காலி வாங்கி மேலே வைத்துச் சமாளித்தோம். இதில் மட்டும் கடைக்காரரைப் பாராட்ட வேண்டும், சொன்ன அன்றே ஆட்டோவில் அனுப்பிவைத்தார். பெல்ட்டில் கீழே திறப்பு இருக்கிறதா என்றும் வாங்கும்போதே பாருங்கள்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. வெயிலுக்கு அஞ்சி இந்தப் பருவத்தில் வந்தது ஒரு விதத்தில் நல்லது, சித்திரைப் புழுக்கத்தில் இதைப் போட்டிருந்தால் வேர்க்குருவும் தொடை இடுக்கில் படையும் வந்திருக்கும். ஆனால் துவைத்தது காயாது. பெல்ட்டின் லைக்ரா என்ற இழுபடும் துணியை முறுக்கிப் பிழியக்கூடாது, சுடுதண்ணீரும் ப்ளீச்சும் ஆகாது, இழுவை போய்விடும். மிதமான சோப்பில் கையால் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, ஃபேனுக்கு அடியில் போடுவோம். கரண்ட் போனால் அதுவும் இல்லை. இரண்டு பெல்ட் கட்டாயம் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு ஈரத்தோடு போடுவதோ, போடாமல் இருப்பதோ இரண்டுமே கெடுதல்.

வீக்கம் வடிந்ததும் பெல்ட் தளர்ந்தது. இந்தக் கட்டத்தில் அடுத்த சின்ன சைஸ், கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு வாங்குவதுதான் வழக்கம். இன்னொரு கூரியருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பக்கத்துத் தெரு டெய்லர் அக்காவிடம் கொடுக்கலாமா என்று சர்ஜனுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், பக்கவாட்டில் மட்டும் பிடிக்கட்டும் என்றார். சாதாரணத் தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும் என்று டெய்லர் அக்காவே சொல்லி, ஜிக்ஜாக் தையலில் இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்து, கொக்கிக்கு இன்னொரு வரிசை வைத்துத் தந்தார். என்னை நிற்கவைத்து மட்டும் பார்க்காமல் உட்காரவும் குனியவும் சொல்லிப் பார்த்தார். இத்தனை சிரமத்தில் என் உடம்பை டேப் வைத்து அளந்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, திரும்பவும் சரிசெய்தவர் அந்த ஒருவர்தான். கேட்ட கூலியோ ஒரு ஜாக்கெட் தைக்கிற அளவுக்குக்கூட இல்லை. அதிகமாகக் கொடுத்தபோது வாங்க மறுத்தார். பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்திக் கொடுத்துவந்தேன்.

மருத்துவமனைக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே நர்ஸ் ஒருவர் அளவெடுத்தால் போதும், செலவே இல்லாத வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் விமானத்துக்கு சர்ஜன் சம்மதம் கொடுத்த பிறகே டிக்கெட்டை உறுதி செய்தேன். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ பயணத்தை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார். திருச்சி விமான நிலையத்தில் பெல்ட்டின் கொக்கிகளுக்குச் சோதனைக் கருவி கத்தியது. பெண் காவலர் திரைக்குள்ளே அழைத்துப் போய், டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, கழற்றச் சொல்லாமல் கையால் தடவிப் பார்த்து அனுப்பினார். கடிதத்தை செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.