கேரட்டுக்கு க்ரோ பேக்கா, மண்தொட்டியா, பெயிண்ட் பக்கெட்டா? காரைக்குடி வெயில்ல வச்சுப் பாத்தது

காரைக்குடி மொட்டை மாடில கேரட்டா, அதெல்லாம் ஊட்டிச் சரக்காச்சேன்னு கேக்காத ஆளே இல்ல. விளையும்ங்க, ஆனா ஐப்பசில விதைக்கணும். மொத வருஷம் நான் "ஆடிப்பட்டம் தேடி விதை"ங்கிறத அப்படியே கேரட்டுக்கும் எடுத்துக்கிட்டேன், பழமொழி சொன்னவரு கேரட்ட நெனச்சு சொல்லல போல, முளைச்ச நாலஞ்சும் வெயில்ல சுருண்டுருச்சு. அதுக்குப் புடிச்சது 15ல இருந்து 20 டிகிரி, நமக்கு மார்கழி விடியக்காலைலதான் அதுக்குக் கிட்டயாவது வரும்.

அதனால தொட்டி எவ்ளோ ஆழம்னு எல்லாரும் கேக்குறாங்களே, அது ரெண்டாவது கேள்வி, மதியம் ரெண்டு மணிக்கு உள்ள இருக்க மண்ணு எவ்ளோ சுடுதுங்கிறதுதான் மொத கேள்வி.

போன ஐப்பசில மூணுலயும் ஒரே கலவை போட்டேன்: செம்மண்ணு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூளு), மண்புழு உரம் மூணும் சமமா. நம்ம செம்மண்ணுல சரளை ஜாஸ்தி, சல்லடைல சலிக்காம போட்டா வேரு கல்லுல முட்டி ரெண்டு காலு மூணு காலுன்னு பிரிஞ்சிரும். மக்காத சாணி போட்டாலும் இதே கதைதான்.

க்ரோ பேக்குன்னா செடி வளக்குற பை, நம்மளது 12க்கு 12 இஞ்ச், பச்சைக் கலரு. வடிகால்ல இதுதான் கெட்டிக்காரப் பிள்ளை, எவ்ளோ மழை அடிச்சாலும் தண்ணி நிக்காது. ஆனா தூக்கி நகத்துனா பக்கமெல்லாம் மடங்கி மண்ணு சரியுது, வேரும் ஆட்டம் கண்டுருது, அப்புறம் மண்ணு அமுங்க அமுங்க கேரட்டு தோள்பட்டை, அதான் இலைக்குக் கீழ இருக்க மேல்பாகம், வெளிய தெரிஞ்சு வெயில் பட்டு பச்சையாயிருச்சு, அந்த எடம் கசக்கும். அப்பப்ப மேல மண்ணு போட்டு மூடுனா சரியாயிரும், நான் மறந்துட்டேன்.

மண்தொட்டி மானாமதுரைல இருந்து ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்தது. அந்த ஊரு மண்பாண்டத்துக்கு புவிசார் குறியீடே இருக்கு, அழகுல சொல்லி மாளாது, பக்கத்துல வேற எதையும் வைக்க மனசு வராது. பானைத்தண்ணி குளுகுளுன்னு இருக்க அதே காரணத்தால மண்ணும் குளுகுளுன்னு இருக்கும், அதாவது சுவரு வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகுது, வெனையும் அதேதான், தண்ணி சீக்கிரம் காஞ்சுருது. மழை விட்ட நாள்ல காலைல ஒருக்க சாயங்காலம் ஒருக்க ஊத்தணும், தேவகோட்டைல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்து பாவமேன்னு நெறைய ஊத்துனேன், காஞ்சு கெடந்த கேரட்டு தண்ணியக் குடிச்சு நெடுக்க வெடிச்சிருச்சு. அதுபோக நான் வாங்குனது அடில குறுகலு, ஓரத்துல இருந்ததெல்லாம் சுவத்துல இடிச்சு வளைஞ்சுபோச்சு. ஆயா அதப் பாத்துட்டு "என்னத்தா இது, இஞ்சியா?"ன்னாக.

பெயிண்ட் பக்கெட்டு 20 லிட்டரு, வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப மிஞ்சுனது. அழகு பூஜ்யம். ஆனா வெள்ளைக் கலருங்கிறதால க்ரோ பேக் அளவுக்கு சூடு ஏறல, ஆழமும் ஒரு அடிக்கு மேல இருக்கு, எல்லாத்துக்கும் மேல கைப்பிடி! ஐப்பசி கார்த்திகை மழை நம்ம ஊர்ல பேஞ்சா கொட்டும்ல, விதைச்ச மறுநாள் கொட்டுனா விதையெல்லாம் ஒரே ஓரத்துல போயி குமிஞ்சிரும், பக்கெட்டுன்னா அப்படியே தூக்கி தாழ்வாரத்துல வச்சிரலாம். அடில எட்டு ஓட்டையாவது போடுங்க, நான் முந்தி மூணு ஓட்டையோட விட்டு எல்லாம் அழுகுனதுதான் மிச்சம். எமல்ஷன், அதாவது தண்ணில கரையிற பெயிண்ட் இருந்த பக்கெட்டு மட்டும் எடுத்து நல்லா கழுவிக்கங்க, எண்ணெய் பெயிண்ட் டப்பா வேணாம்.

மீன் கடை தெர்மாகோல் பெட்டியும் சூடு தாங்கும்னு சொல்றாக, ஆயா இருக்க வீட்டுல அந்த வாடையோட ஒரு பெட்டிய மாடியேத்த எனக்கு தைரியம் இல்ல.

விதை பூசா ருதிரா, டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்து ரகம், செவப்பா நீட்டமா வரும், ஊட்டி ரகத்த விட சூடு தாங்கும். நாத்து விட்டு நடாதீங்க, நேரா விதைச்சு முளைக்கிற வரைக்கும் ஈரச்சாக்கு போட்டு வைங்க, பத்து பதினஞ்சு நாளாகும், அதுக்குள்ள செத்துப்போச்சுன்னு கிளறிப் பாக்கக் கூடாது. அப்புறம் ரெண்டு இஞ்சுக்கு ஒண்ணுன்னு விட்டுட்டு மிச்சத்தப் புடுங்கிரணும், மனசு வலிக்கத்தான் செய்யும்.

தை பொறந்து புடுங்குனதுல பக்கெட்டுல 14க்கு 11 நேரா வந்துச்சு, க்ரோ பேக்ல ஏழு, மண்தொட்டில நாலு. மொத்தமும் ரெண்டு நேர வெஞ்சனத்துக்குத்தான் ஆச்சு, காசுக் கணக்கு போட்டா சந்தைல வாங்குறதே லாபம். இந்த வருஷம் பக்கெட்டு அஞ்சு சேத்து வச்சிருக்கேன், மானாமதுரைத் தொட்டில இப்ப கொத்தமல்லி போட்டிருக்கேன், அதுக்கு ஆழமும் தேவையில்ல, முத்தத்துல பாக்கவும் அழகா இருக்கு.